தம்பியும் சட்டைப் பொத்தானும்

என் தம்பிக்கு வயது 19. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உடையவன். "கையை விடு, பொத்தானைப் பிடி, இழு" என்று சட்டை அணியும்போது ஒவ்வொன்றுக்கும் நான் குரல் கொடுப்பேன். வாயை மூடினால் அப்படியே நின்றுவிடுவான். சோம்பல் என்று திட்டியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவன் பழகியிருந்தது என் குரலுக்குக் காத்திருக்கத்தான்.

கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுக்கச் சொன்னார் ஒரு சிறப்பாசிரியை. வேலையை 8 படிகளாகப் பிரித்தேன். முதல் 7 என்னுடையவை. பாதி நுழைத்து வைத்த கடைசிப் பொத்தானை இழுத்துவிடுவது மட்டும் அவனுடையது. முடித்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அவனுக்கே கிடைக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று.

சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அவன் தடுமாறினால் மனத்துக்குள் 10 வரை எண்ணுவேன். அப்போதும் நகராவிட்டால் கையைத் தொட்டு வழிகாட்டுவேன். பேச்சைவிடத் தொடுதலைக் குறைப்பது எளிது: முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று விலகி, ஒரு நாள் என் கை அவன் மீது படவே இல்லை.

பெரிய பொத்தான்கள் வைத்த தொளதொளச் சட்டையில் தொடங்கியதும் நல்லதாயிற்று. கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் வசப்படவில்லை. திறந்தே விட்டுவிடுகிறோம், எனக்கும் அதைப் போடப் பிடிக்காது.

நான்கு மாதங்கள் ஆயின. சென்ற வாரம் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.