சாட்ஸ்வொர்த் போகிறீர்களா? மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள், மாளிகையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஓடியாடிக் களைத்த பிறகு எந்தப் பிள்ளையும் ஓவியங்களை நின்று பார்க்காது.

உள்ளே இசை அறையைத் தவறவிடாதீர்கள். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவில் ஒரு வயலின் தொங்கும். "அது நிஜமா, படமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். முழுக்க முழுக்கத் தூரிகை வேலை! சிற்பக் கூடத்தில், முகத்திரை அணிந்த பளிங்குப் பெண்ணின் சிலையும் அப்படித்தான். கல்லைத் துணியாகவே நெய்துவிட்டார்கள்.

அப்புறம் தோட்டம். அங்கே நிற்கும் வில்லோ மரம் உலோகத்தால் ஆனது. கிளைகளிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். எங்கள் சின்னவள் தலை முதல் கால் வரை நனைந்துவிட்டாள், அதனால்தான் மாற்றுத்துணி. ரஷ்யப் பேரரசரின் வருகையை எதிர்பார்த்து 1844-இல் அமைத்த பெரிய நீரூற்றையும் காட்டுங்கள். அவர் வரவேயில்லை. பம்பு கிடையாது, குன்றின் மேலுள்ள ஏரியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தமே அதை உயர எழுப்புகிறது.

மாளிகைக்கும் தோட்டத்துக்கும்தான் நுழைவுச்சீட்டு. டெர்வென்ட் ஆற்றோரம் செம்மறிகள் மேயும் பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக் கூடையை அங்கே பிரியுங்கள். குளிர்காலத்தில் திறப்பு நாட்கள் மாறும், இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.