சிறு சப்ளையரைப் பசுமைத் திட்டத்துக்குள் கொண்டுவர: முதலில் கம்ப்ரசர், அப்புறம் படிவம்

கொள்முதல் துறையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2011-இல் வெளியான ஸ்கோப் 3 கணக்கு முறைப்படி, வாங்கும் பொருளைச் செய்யும்போது வெளியாகும் கார்பனும் உங்கள் கணக்கில்தான் ஏறும். உடனே எல்லா சப்ளையருக்கும் நீளமாக ஒரு கேள்விப் படிவம் போகிறது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் அதை யார் நிரப்புவது? முதலாளிதான், ஷிப்ட் முடிந்த பிறகு. அடுத்த வாரம் இன்னொரு வாடிக்கையாளர் அதே கேள்விகளை வேறு வடிவத்தில் அனுப்புவார். முதலாளிக்குத் தெரிய வேண்டியது, 'இதைச் செய்தால் எனக்கு என்ன கிடைக்கும்?'

பட்டறைக்குள் போனதும் நான் தேடுவது கம்ப்ரசரை, அதாவது மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் இயந்திரத்தை. இடைவேளையில் மெஷின்கள் நின்றதும் அதை மட்டும் ஓடவிடச் சொல்வேன். காற்றை யாரும் பயன்படுத்தாதபோது அது லோடு எடுக்கவே, அதாவது காற்றை அழுத்தவே கூடாது, ஆனால் எடுக்கும். லோடிலும் அன்லோடிலும் (காற்றை அழுத்தாமல் சும்மா ஓடும்போது) எத்தனை நொடி ஓடுகிறது என்று போனிலேயே நேரம் பாருங்கள். லோடு 30 நொடி, அன்லோடு 90 நொடி என்றால், 120-க்கு 30. கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் கால் பங்கு கசிவுக்கே போகிறது. கவனிப்பில்லாத இடங்களில் 20 முதல் 30 சதவீதம் கசிவது சகஜம். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் ஓட்டைகள் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். அடைத்த பிறகு, வேலைக்குப் போதுமென்றால் அழுத்தத்தையும் 1 பார் குறைக்கலாம். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 7 சதவீதம் குறையும். இந்த நேரத்தில் முதலாளியே கரன்ட் பில்லை எடுத்துவந்து கணக்குப் போட ஆரம்பிப்பார். உங்கள் படிவம் கேட்கும் யூனிட் எண்ணிக்கை அந்த பில்லில்தான் இருக்கிறது.

கசிவை அடைக்கப் பெரிய காசு வேண்டாம். பாய்லர் மாற்றுவது அப்படியில்லை. போட்ட பணம் திரும்ப மூன்று நான்கு வருஷம் ஆகும் என்றால், அத்தனை வருஷத்துக்கு ஆர்டர் உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கடன் வாங்கச் சொல்வது அநியாயம்.

அடுத்தது பேமென்ட். 2016-இல் பூமா நிறுவனம், சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் இவற்றில் நல்ல மதிப்பெண் எடுக்கும் சப்ளையருக்குக் குறைந்த வட்டியில் பில் பணம் முன்கூட்டியே கிடைக்க ஒரு ஏற்பாடு செய்தது. வங்கிகளும் கூடச் சேர்ந்தன. உங்கள் நிதித் துறை அவ்வளவு தூரம் வராதா? சரி, 90 நாள் தவணையை 45 ஆக்கும்படியாவது கேளுங்கள்.

ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழை எல்லோரிடமும் கேட்காதீர்கள். அதனால் புது வாடிக்கையாளர் கிடைப்பார் என்றால் முதலாளியே முன்வருவார். இல்லையென்றால் ஆடிட் செலவுதான் மிச்சம். 'செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்குவோம்' என்ற மிரட்டலுக்குப் பலன் உண்டு, படிவத்தில் அழகான பொய் எண்கள் வரும்.

இன்னொன்று. நீங்கள் பட்டறைக்குப் போன அதே வாரம், பக்கத்து மேஜைக்காரர் விலையில் 3 சதவீதம் குறைக்கச் சொல்லி மெயில் போட்டால் எல்லாம் போச்சு. கிளம்பும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.