நோய்க் கேள்வியில் அம்புக்குறி எந்தப் பக்கம்?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எனக்குப் பகலில் மருந்துக் கடை, சாயங்காலம் கடை மாடியில் போட்டித் தேர்வுக்கான ரீசனிங் (தர்க்க அறிவு) வகுப்பு. வருகிறவர்களில் சிலர் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வைத் தமிழ் வினாத்தாளில் எழுதுபவர்கள், மற்றவர்கள் வங்கி, ரயில்வே என்று படிப்பவர்கள். காரணம்-விளைவுப் பகுதியில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது உடல்நலம் சம்பந்தப்பட்ட கேள்விகளில்தான். அதிலும் நர்சிங் முடித்துவிட்டு வருகிறவர்கள். வினாத்தாளில் இல்லாதது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் தொந்தரவு.

கேள்வியின் வடிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு கூற்று, ஐந்து ஆப்ஷன்: முதலாவது காரணம், இரண்டாவது விளைவு, அல்லது அதற்கு நேர்மாறு, இரண்டுமே தனித்தனிக் காரணங்கள், இரண்டுமே தனித்தனிக் காரணங்களின் விளைவுகள், இரண்டுமே ஒரே பொதுக் காரணத்தின் விளைவுகள். முதலில் ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கூற்றுக்கும் நடுவே ‘அதனால்’ என்று போட்டுப் படியுங்கள். அடுத்து கூற்றுகளை இடம் மாற்றி, அதே ‘அதனால்’ போட்டு இன்னொரு தடவை. எந்தப் பக்கம் இடறாமல் வருகிறதோ, அந்தப் பக்கம், காரணத்திலிருந்து விளைவுக்கு, அம்புக்குறி போடுங்கள். இரண்டு பக்கமும் இடறினால் மூன்றாவதாக ஒன்று பின்னால் நிற்கிறதா என்று தேடுங்கள்.

நான் வகுப்பில் கொடுக்கும் ஒரு ஜோடி இது. கூற்று 1: மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் கூடியிருக்கிறது. கூற்று 2: ஆழியாறு அணையின் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது. அணை நிறைந்தது, அதனால் டெங்கு? டெங்கு கூடியது, அதனால் அணை நிறைந்தது? இரண்டும் இடறுகிறது. உடனே பலர் ‘தனித்தனிக் காரணங்கள்’ என்று போய்விடுவார்கள். மழையை மறந்துவிடுகிறார்கள். மழை அணையையும் நிரப்புகிறது, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையையும் நிரப்புகிறது. விடை பொதுக் காரணம்.

இப்போது இரண்டாவது கூற்றை மட்டும் மாற்றுகிறேன்: ‘நகரில் குடிநீர் விநியோகம் வாரம் ஒரு நாளாகக் குறைக்கப்பட்டது.’ ஒரு பெண் எழுந்து, “அக்கா, தண்ணியே இல்லேன்னா கொசு எப்படி வரும்? மழை பெஞ்சாத்தானே டெங்கு?” என்றாள். அவள் வீட்டு வாசலிலேயே மூடியில்லாத நீல டிரம் இருக்கிறது. குழாய் வராத நாளுக்காகத்தான் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஆகவே இந்த ஜோடியில் கூற்று 2 காரணம், கூற்று 1 விளைவு. ‘மழை என்றால் டெங்கு’ என்ற மனப்பாடம் இங்கே கைவிட்டுவிடும்.

அம்பு தலைகீழாகப் போகும் கேள்விகள் தனி ரகம். சர்க்கரைக்குப் பதிலாகக் காப்பியில் போடும் இனிப்பு மாத்திரையை என் கடையில் வாங்குகிறவர்கள் அநேகமாகச் சுகர் உள்ளவர்கள். அந்தப் பில்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஒருவர், அந்த மாத்திரை தின்றால் சுகர் வரும் என்று எழுதிவிடலாம். சுகர் வந்ததால்தான் மாத்திரைக்கு மாறினார்கள் என்பது கவுண்டரில் நிற்கிற எனக்குத் தெரியும், பில்லில் தெரியாது. ‘இதைச் செய்பவர்களிடம் அந்த நோய் அதிகம்’ என்று ஒரு கேள்வி தொடங்கினால், நோய் முதலா பழக்கம் முதலா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புகைக்கும் பழக்கமும் காப்பிப் பழக்கமும் சேர்ந்தே இருப்பவர்களைப் பார்த்து, நுரையீரல் புற்றுநோய்க்குக் காப்பியைக் குற்றம் சொல்கிற கேள்வியும் வரும். அது பழைய ஆள், லேசில் அடையாளம் தெரிந்துவிடும்.

சரி, ‘எது இந்த வாதத்தை அதிகம் பலவீனப்படுத்தும்?’ என்ற வகைக்கு வருவோம். இதில்தான் மார்க் கொட்டிக் கிடக்கிறது. ஒரு மாதிரி: ‘டெங்கு நோயாளிகள் 40 பேருக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்கள். ஐந்து நாளில் எல்லோருக்கும் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ஏறியது. எனவே ஏற்றியது சாறுதான்.’ ஆப்ஷன்கள்: சாறு கசக்கும், இருவர் வாந்தி எடுத்தனர், சாறு குடிக்காத நோயாளிகளுக்கும் அதே நாட்களில் தட்டணு ஏறியது, சாற்றில் சத்துகள் உண்டு. விடை மூன்றாவது. டெங்குவில் தட்டணு இறங்குவதும், மோசமான கட்டம் தாண்டியதும் தானாக ஏறுவதும் நோயின் போக்கு. ஏறத் தொடங்கும் நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியும் இப்படித்தான், காமாலைக்கு ஒரு காரணமான ஹெபடைட்டிஸ் ஏ என்ற ஈரல் தொற்று பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். சாற்றால் பயனே இல்லை என்று மூன்றாவது ஆப்ஷன் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்தத் தகவலை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்கிறது, அவ்வளவுதான். வாதத்தைத் தகர்ப்பதற்கும் முடிவைப் பொய்யாக்குவதற்கும் உள்ள இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கேள்வி முடிந்தது.

எனவே செய்தவர்களை விட்டு, செய்யாதவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லும் ஆப்ஷனை முதலில் தேடுங்கள். 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஓர் அடிபம்பைச் சந்தேகித்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா அடங்கியது என்று கதை சொல்வார்கள். ஆனால் கழற்றுவதற்கு முன்பே சாவு குறையத் தொடங்கியிருந்தது, பயந்துபோன ஜனம் அந்தப் பகுதியைக் காலி செய்திருந்தது. கைப்பிடியைவிட வலுவான சாட்சி பக்கத்து பீர் ஆலை. 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. ஆலையில் அவர்களுக்குப் பீர் கிடைத்தது, தனிக் கிணறும் இருந்தது, அந்த அடிபம்புக்கு அவர்கள் போகவில்லை. அதே தெரு, அதே காற்று, தண்ணீர் மட்டும் வேறு. கெட்ட காற்றால்தான் காலரா என்று நம்பிய காலத்தில் இது பெரிய அடி. (கள் இறக்கும் எங்கள் சித்தூர்த் தாலுகாவில் இதைச் சொன்னால் வகுப்பு வேறு முடிவுக்குப் போய்விடுகிறது. பீர் காலராவைத் தடுத்தது என்பதற்கு இது ஆதாரம் இல்லை.)

கடைசியாக, நம் மாநிலத்தையே வைத்து ஒன்று. கூற்று 1: கணக்கெடுப்பில் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் கேரளத்தில் அதிகம். கூற்று 2: நாட்டிலேயே நீண்ட ஆயுள் உள்ள மாநிலங்களில் கேரளம் முன்னணியில் இருக்கிறது. நோய் அதிகம், அதனால் ஆயுள் அதிகமா? சிரிப்பு வரும். ‘நோய் இருப்பதாகச் சொல்பவர்கள்’ என்ற சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். நோய் இருப்பது வேறு, இருப்பதாகச் சொல்வது வேறு. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் இதைத்தான் பீகாரோடு ஒப்பிட்டு எழுதினார்: பீகாரில் ஆயுள் குறைவு, நோய் உண்டு என்று சொல்பவர்களும் குறைவு. படிப்பும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் இருந்தால் ஆயுளும் கூடும், பிரஷர், சுகர் என்று நோயைப் பெயர் சொல்லிச் சொல்லவும் தெரியும். நான் பொதுக் காரணம் என்றுதான் போடுவேன். ஆயுள் கூடினால் முதியவர்கள் கூடுவார்கள், நோயும் கூடும், ஆகவே 2-தான் காரணம் என்று வாதாடுகிறவர்களும் வகுப்பில் உண்டு. அதுவும் தள்ளக்கூடிய வாதம் இல்லை.

இப்படி ஐந்தில் மூன்றைக் கழித்துவிட்டு இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் விட்டுவிட வேண்டாம். வங்கித் தேர்வில் தப்புக்குக் கால் பங்கு மார்க்தான் போகும், ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.