குறுக்கு வலிக்கு அக்குபங்சர்: நம்மாட்கள் சறுக்கும் இடங்கள்

திருப்பூரில் பவர் டேபிள் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் டெய்லருக்கும், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவருக்கும், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாசக்கணக்கில் கிடக்கிறவருக்கும் குறுக்கு வலியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தைலம், மாத்திரை, சுளுக்கு வழிப்பது என எல்லாம் பார்த்து முடித்த பிறகு யாராவது ஒருத்தர் "அக்குபங்சர் பாருங்க, சரியாயிருமுங்க" என்பார். உடம்பில் மெல்லிய ஊசி குத்தி வலியைக் குறைக்கப் பார்க்கும் சீன வைத்தியம் அது. போகலாம், தப்பில்லை. ஆனால் எப்படிப் போகிறோம் என்பதில்தான் கோளாறே.

முதல் கோளாறு, என்ன வலி என்றே தெரியாமல் ஊசிக்குப் போய் உட்காருவது. ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லை, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போகிறது, கால் திடீரென்று வலுவிழந்து செருப்பு கழன்று விழுகிறது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நரம்பு நசுங்கிக் கொண்டிருக்கலாம், அதில் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நஷ்டம் நமக்குத்தான். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முன்பு புற்றுநோய் இருந்தது, மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தது, இவையும் முதலில் டாக்டர் பார்க்க வேண்டியவை. இதெல்லாம் இல்லாத, மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும் சாதா இடுப்பு வலிக்குத்தான் அக்குபங்சர் பேச்சு.

அதிலும் ஊசி குத்த வேண்டிய சரியான இடம், "அந்தப் புள்ளி தெரிந்த ஆள்" யாரென்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள். ஜெர்மனியில் 1162 பேரை வைத்து நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சீன முறைப்படி புள்ளி பார்த்துக் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4. ஊசியால் ஏதோ பலன் இருக்கிறது, ரகசியப் புள்ளியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2017-ல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது, உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டது, எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-லேயே வேண்டாம் என்றுவிட்டது. பெரியவர்களே ஒரு முடிவுக்கு வராத சங்கதியில் "ஒரே உட்காரலில் டிஸ்க் உள்ளே போயிரும்" என்று ஒருத்தர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஜெர்மன் ஆய்விலேயே வாரம் ரெண்டு வீதம் பத்து முறை குத்தினார்கள். ரெண்டு முறை போய்விட்டு ஏமாற்று வேலை என்பதும் சரியில்லை, பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகும் ஒரு மாற்றமும் இல்லாமல் பணம் கட்டிக்கொண்டே இருப்பதும் சரியில்லை.

என்னைக் கேட்டால் ஊசியைவிட ஆபத்து, குத்துகிறவரின் வாய். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள், கழிவு வெளியேறும் என்று சிலர் சொல்வார்கள். இன்சுலினை நிறுத்தியவர் முதுகு வலியோடு போய் ஐ.சி.யூ.வில் படுக்க நேரலாம். மத்திய அரசு 2019-ல் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது உண்மைதான், அதற்காக போர்டு மாட்டியவர் எல்லாம் ஒரே படிப்புப் படித்தவர் என்று ஆகிவிடாது. என்ன படித்தீர்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

அப்புறம், கூடவே தரும் பொடியும் மாத்திரையும். "சீன மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்றால் நம்பாதீர்கள். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது, ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டலோக்கியா இன வேர் கலந்துவிட்டதால். நம் தோட்டத்து வரப்பில் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். வலிக்குச் சேர்க்கும் ஃபூஸி என்ற சீன வேர், விஷமுள்ள நம்மூர் வச்சநாபியின் உறவு. பக்குவம் தவறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மூன்று நாளில் வலி பறந்து முகம் உப்ப ஆரம்பித்தால் பொடியில் ஸ்டெராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். லேபிள் இல்லாத பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. ஊசி உங்கள் கண் முன்னால் புதுப் பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் கரண்ட் கொடுப்பது கூடாது. மேல் முதுகில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். குத்திய பிறகு மூச்சுத் திணறினால் "சரியாயிரும்" என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்கள் மூலிகை கொளுத்திச் சூடு வைக்கும் மாக்ஸாவைத் தவிர்க்கவும், சுட்டால் கூடத் தெரியாது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும், ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடிந்ததும் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள். வலி குறைந்த தெம்பில் அன்றைக்கே மஞ்சள் மூட்டை தூக்கக் கிளம்ப வேண்டாமுங்க, மெல்ல நடங்க, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க.