உபுண்டு மாறியதும் காணாமல் போன போஸ்ட்கிரெஸ்

உபுண்டு 20.04-இல் இருந்து 22.04-க்கு மாறிய மறுநாள் என் செயலி திறக்கவில்லை, அதன் தரவை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இருக்கும் 5432 போர்ட்டில் யாருமே இல்லை என்றது. லாக் கோப்பில் ஒன்றும் இல்லை. தரவு ஃபோல்டரின் உரிமைகளைத் திருத்தினேன், பிஐடி கோப்பை (ஓடும் நிரலின் எண்ணைக் குறித்து வைக்கும் கோப்பு) அழித்தேன், பலனில்லை. போர்ட்டை 5433 ஆக்கியதும் இணைந்தது, ஆனால் உள்ளே என் டேட்டாபேஸ் இல்லை. இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

அப்புறம்தான் கணினியில் உள்ள போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்களை (ஒரு பதிப்பின் கீழ் இருக்கும் டேட்டாபேஸ் தொகுப்புகள்) பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையை ஓட்டினேன். பழைய 12-ஆம் பதிப்பு வரியின் நிலைப் பத்தியில் 'டவுன்' என்பதோடு ஒட்டி 'பைனரிஸ் மிஸ்ஸிங்' (நிரல் கோப்புகள் இல்லை) என்று இருந்தது, இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுவார்கள். தரவு பத்திரமாக இருக்கிறது, அதைப் படிக்கும் 12-ஆம் பதிப்பு நிரலைத்தான் அப்டேட்டின் கடைசியில் 'தேவையற்றவை' என்று நீக்கியிருக்கிறது, நானும் சரி என்று அழுத்தியிருக்கிறேன்.

முதலில் தரவு ஃபோல்டரை நகலெடுத்து வைத்தேன். போஸ்ட்கிரெஸின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தை (உபுண்டு மென்பொருள்களை இறக்கும் இடம்) சேர்த்து 12-ஐ மறுபடி நிறுவினேன். தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கட்டளை உடனே ஓடாது, ஏனென்றால் 22.04-உடன் வரும் 14-ஆம் பதிப்பை நிறுவும்போதே காலியான ஒரு 'மெயின்' கிளஸ்டர் தானாக உருவாகி இடத்தைப் பிடித்திருக்கும்; 5433-இல் நான் பார்த்தது அதைத்தான். பிஜி_டிராப்கிளஸ்டர் கொண்டு அந்தக் காலி 14-ஐ நீக்கினேன் (எண்ணை இருமுறை பாருங்கள், 12 என்று அடித்தால் எல்லாம் போய்விடும்). அதன்பின் அப்கிரேட் ஓடியது, 5432 போர்ட்டும் தானாகவே 14-க்கு வந்துவிட்டது.