ஒரு குடும்பத்தை மொத்தமாக உட்காரவைத்துப் பேசுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். என்னிடம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே ஆளை முன்னால் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். "இவனைக் கொஞ்சம் சரி பண்ணுங்க." பள்ளிக்கூடம் போகாத பையன், குடிக்கிற மாமா, அறையைவிட்டு வெளியே வராத மருமகள், யாராவது ஒருவர். குடும்ப அமைப்புச் சிகிச்சை இங்கேதான் வேறு வழி பிடிக்கிறது. அந்த ஒருவருக்குள் என்ன கோளாறு என்று தோண்டாமல், ஆட்களுக்கு நடுவே என்ன நடக்கிறது, எது நடந்தால் அடுத்து எது நடக்கிறது என்று பார்க்கிறது. கோயில் சங்கத்திலோ பள்ளியிலோ குடும்பங்களோடு பேச வேண்டியவர்களுக்காகவும், இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வீட்டில் அடி உதை இருந்தால் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டாதீர்கள். அடிக்கிறவர் முன்னால் ஒரு பெண் சொல்கிற பேச்சுக்கு வீட்டுக்குப் போனதும் பதில் கிடைக்கும். அதனால் முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். இங்கே 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அந்த விஷயத்தில் "இரண்டு பக்கமும் தப்பு இருக்கும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, குடும்பம் வந்து உட்கார்ந்தாயிற்று. ஒரு பெரிய தாளை எடுத்து ஜெனோகிராம், அதாவது யார் யாருக்கு என்ன உறவு என்று காட்டும் குடும்பப் படம், வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் பெருக்கல் குறி, சண்டை இருக்கிற இருவருக்கு நடுவே நெளிகோடு. மூன்று தலைமுறை போதும். நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு: இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டைக்காக, முன்னோர் வந்த கப்பலின் பதிவைத் தேடி எடுத்த பெரியப்பா யாராவது இருப்பார். கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண், ஊர், தாலுகா என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். மரியாதையாகக் கேட்டுவிட்டு, இந்தப் பக்கம் கூட்டி வந்துவிடுங்கள். நமக்கு உதவுகிறது முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வரத் தொடங்கிய 1860 அல்ல, 1960கள். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் இங்கே வந்தவர்களில் யார் யாருடைய வீட்டில் தங்கினார்கள், எந்த அண்ணன் தம்பி அப்போது பிரிந்தார்கள் என்று கேளுங்கள். இன்றைக்கு யார் யாரோடு பேசுவதில்லை என்பதன் வேர் பல நேரம் அங்கே கிடக்கும். தலைமுறை தாண்டி வருகிற இந்தப் பழக்கங்களை முக்கியமாகப் பேசியவர் அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன். இருவருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்ற முக்கோணக் கருத்தும் அவருடையதே.

அடுத்தது வட்டக் கேள்வி. ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாசோலியும் அவருடைய மூன்று சகாக்களும் வளர்த்தெடுத்த முறை. 1980இல் வந்த அவர்களுடைய கட்டுரை இதை விளக்குகிறது. ஒருவரிடம் அவரைப் பற்றிக் கேட்பதில்லை. மற்ற இருவருக்கு நடுவே நடப்பதைக் கேட்கிறோம்.

பல குடும்பங்களைச் சேர்த்து, அடையாளம் மாற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்குப் போவதில்லை. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அம்மாவான ஆயா, ஒரு தங்கை. முதலில் ஆயாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். பெரியவரைத் தாண்டிப் பேச்சைத் தொடங்கினால் அன்றைக்கு எதுவும் நடக்காது. அப்புறம் தங்கையிடம் திரும்பினேன்.

"அம்மா அண்ணனைத் திட்டினா ஆயா என்ன செய்வாங்க?"

"கிச்சன்லேர்ந்து வந்து, விடு, பிள்ளைதானேன்னு சொல்வாங்க."

"அதுக்கு அம்மா?"

"போனை எடுத்துக்கிட்டு வெளியே போயிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்பா ஷிப்ட் முடிஞ்சு வருவாங்க. ஆயா சொல்லுவாங்க. அப்பா அம்மாகிட்ட கத்துவாங்க. மறுநாள் அண்ணன் வயித்துவலின்னு படுத்திருப்பான். அம்மாவும் அவனும் டிவி பார்ப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் வந்ததும் எதையும் விளக்க வேண்டாம். கொஞ்சம் சும்மா இருங்கள். அம்மாவின் முகத்தை அப்பா பார்க்கட்டும். பிறகு தொடரலாம்: "அண்ணன் போகாததைப் பற்றி யாருக்கு ரொம்பக் கவலை? அடுத்தது யாருக்கு?" "அப்பா நைட் ஷிப்டுக்கு மாறினதுக்கு முன்னாலயே இது இருந்ததா?" "ஆயா மெரிபேங்க் அத்தை வீட்டுக்கு மூணு மாசம் போனா இங்கே என்ன மாறும்?" ஒரே எச்சரிக்கை: "ஏன்" என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் "ஏன்" என்றால் திட்டு என்று அர்த்தம்.

மொழியையும் கவனியுங்கள். பேச்சில் முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் நடக்கும். அப்பாவும் ஆயாவும் திடீரென்று தமிழுக்கு மாறினால் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள், சில வீடுகளில் மருமகளும். யாரோடு யார் அணி என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

யார் யாரோடு அணி, யாருடைய பேச்சுக்குள் யார் நுழையலாம் என்ற எல்லை, இந்தப் பார்வை அர்ஜென்டினாவில் பிறந்து பிலடெல்பியாவில் பணிசெய்த சால்வடோர் மினுச்சினிடமிருந்து வருவது. யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று பார்ப்பார். வீட்டில் நடப்பதை அங்கேயே நடக்கவைப்பார். நான் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, பையனைக் காலையில் யார் எழுப்புவது என்று நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள் என்பேன். அரை நிமிஷத்தில் அப்பா ஆயா பக்கம் திரும்புவார். அதற்காகவே ஆயாவை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருப்பேன். "ஆயா, அவங்க பேசட்டும், நாம ரெண்டு பேரும் கேட்போம்." அவருடைய இடம் குறையவில்லை, ஆனால் பேச்சு இருவருக்குள் நிற்கிறது.

வேறு பார்வையில் சொல்லிக்காட்டுவதும் உதவும். "ஆயா தலையிடுகிறார்" என்பதை "இந்த வீட்டில் சண்டை பெரிசாகாமல் காக்கிற வேலை ஆயா தலையில் விழுந்திருக்கு" என்று சொல்லலாம். உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பூசி மெழுகினால் ஆயாவுக்கே தெரிந்துவிடும்.

வர்ஜீனியா சட்டிரின் குடும்பச் சிற்பம், அதாவது ஒருவரையொருவர் நிற்கவைத்து உறவைக் காட்டுவது, எனக்கு ஒத்துவரவில்லை. மாமியாரின் தோளைப் பிடித்து மருமகள் நகர்த்துவதா! மேசையில் தேநீர்க் கோப்பைகளை வைத்து, "இது அம்மா, இது ஆயா, நீ எங்கே?" என்று பையனிடம் கேட்டால் போதும்.

வீட்டுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள், சின்னதாக. பையனை எழுப்புவது அப்பா அம்மா பொறுப்பு. தலையிடத் தோன்றிய நேரங்களை மட்டும் ஆயா மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்வார், அவ்வளவுதான். புரட்டாசியிலும் காவடி நேரத்திலும் வீட்டில் விரதம் இருக்கும், எல்லோரும் கொஞ்சம் அடங்கி நடப்பார்கள். அந்த வாரங்களை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். மிலான் குழுவினர் சந்திப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மாதம் விடுவார்கள். நான் மூன்று வாரம் விடுகிறேன். திரும்பி வரும்போது "சொன்னதைச் செய்தீர்களா?" என்று கேட்பதில்லை. "இந்த மூன்று வாரத்தில் ஏதாவது வித்தியாசத்தை முதலில் கவனித்தது யார்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன்.