வெப்மெயிலுக்கு ரீடைரக்ட் மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க

சொந்த சர்வர்ல ரவுண்ட்கியூப்ங்கிற வெப்மெயில் சாஃப்ட்வேர (பிரவுசர்லயே மெயில் பாக்க) போடுறவங்க நெறைய பேர், 80ம் போர்ட்ல (என்கிரிப்ட் ஆகாத எச்டிடிபி) வர்றத 443க்கு (என்கிரிப்ட் ஆன எச்டிடிபிஎஸ்) 301 ரீடைரக்ட் அடிச்சு விட்டுட்டு, பூட்டு ஐகான் தெரிஞ்சதும் வேலை முடிஞ்சுதுன்னு எழுந்து போயிடுறாங்க. முடியலங்க. ரீடைரக்ட்ங்கிறது பிரவுசர் எச்டிடிபில வந்து கேட்டதுக்கு அப்புறம் சர்வர் சொல்ற பதில் தானே, அந்த மொத ரிக்வெஸ்ட் என்கிரிப்ட் ஆகாம தான் வந்திருக்கும், செஷன் குக்கில (நீங்க லாகின் ஆகியிருக்கீங்கன்னு காட்டுற அடையாளம்) செக்யூர் ஃபிளாக் (எச்டிடிபிஎஸ்ல மட்டும் அனுப்புன்னு சொல்றது) இல்லன்னா குக்கியும் அதோடவே வந்திருக்கும். அதே வைஃபைல இருக்குற எவனாவது அத எடுத்துட்டா பாஸ்வேர்டே வேணாம், நேரா இன்பாக்ஸ்க்குள்ள போயிடலாம். 2010ல ஃபயர்ஷீப்னு ஒரு ஃபயர்ஃபாக்ஸ் ஆட்-ஆன் வந்து இது எவ்ளோ ஈஸின்னு ஊருக்கே காட்டுச்சு. மெயில் ஒருத்தன் கைக்கு போச்சுன்னா உங்க மத்த அக்கவுன்ட் எல்லாத்தோட பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க்கும் அவன் கைக்கு தான் போகும்.

ரவுண்ட்கியூப்புக்கு, தான் எச்டிடிபிஎஸ்ல ஓடுறோம்னு தெரிஞ்சா தான் அது குக்கில செக்யூர் போடும். முன்னாடி ஒரு பிராக்ஸி (நடுவுல நிக்கிற சர்வர்) நின்னு டிஎல்எஸ்ஸ, அதாவது என்கிரிப்ஷன, அங்கயே முடிச்சிட்டு உள்ள வெறும் எச்டிடிபில அனுப்புனா ரவுண்ட்கியூப்புக்கு தெரியாது, அப்போ ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ் செட்டிங்க ஆன் பண்ணா ரீடைரக்ட் லூப்ல சுத்திக்கிட்டே இருக்கும். அங்க யூஸ் எச்டிடிபிஎஸ் செட்டிங் தான் ட்ரூ ஆகணும், ரெண்டையும் சேர்த்து போடாதீங்க.

அடுத்து எச்எஸ்டிஎஸ் ஹெடர் (இனிமே எச்டிடிபிஎஸ்லயே வான்னு சர்வர் பிரவுசருக்கு அனுப்புற வரி), இது கண்டிப்பா வேணும், ஒரு தடவ வாங்கிட்டா பிரவுசர் எச்டிடிபி பக்கமே போகாது. ஆனா என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர்ல நெறைய பேர் விழுற இடம் இதான்: சர்வர் பிளாக்ல ஹெடர் போட்டிருப்பீங்க, கீழ பிஎச்பி லொகேஷன்ல வேற எதுக்கோ இன்னொரு ஹெடர் சேர்த்திருப்பீங்க, அவ்ளோதான், மேல போட்டது ஒண்ணு கூட அந்த லொகேஷனுக்கு இறங்காது, எரரும் வராது. லாகின் பக்கம் பிஎச்பி வழியா தான் வருது, அதனால எங்க முக்கியமா வேணுமோ அங்கயே ஹெடர் இருக்காது. முகப்பு பக்கத்த பாத்து திருப்தி ஆகாம லாகின் யூஆர்எல்லுக்கே கர்ல் கமாண்ட் அடிச்சு ஹெடர் வருதான்னு பாருங்க. மேக்ஸ்-ஏஜ் (இத பிரவுசர் எத்தன செகண்ட் ஞாபகம் வச்சுக்கணும்ங்கிறது) எடுத்த உடனே 31536000, அதாவது ஒரு வருஷம், வேணாம், மொதல்ல 300 செகண்ட் போட்டு எல்லாம் சரியா ஓடுதான்னு பாத்துட்டு ஏத்துங்க.

அப்பாச்சி வெப் சர்வர்ல கதை வேற. ரவுண்ட்கியூப் அலையஸ் வரிய (எந்த முகவரிக்கு எந்த ஃபோல்டர்னு சொல்றது) பொதுவான கான்ஃப் ஃபைல்ல போட்டா அந்த மெஷின்ல இருக்குற எல்லா விர்ச்சுவல் ஹோஸ்ட்லயும் (ஒரே சர்வர்ல ஓடுற தனித்தனி சைட்) அது திறக்கும், 80ல ஓடுற பழைய சைட்லயும் தான். அத 443 விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குள்ள மட்டும் வைங்க.

80 போர்ட்டையே மூடிட்டா போச்சுன்னு சிலர் பண்றாங்க, எச்டிடிபி-01 முறைல (80 போர்ட் வழியா டொமைன் உங்களோடதான்னு சோதிக்கிறது) சர்டிஃபிகேட் வாங்குறவங்களுக்கு ரினியூவல் அங்கயே நின்னுடும். சர்வர் செட்டிங்ல சர்ட் ஃபைலுக்கு பதிலா ஃபுல்செயின் ஃபைல (நடுவுல இருக்குற சர்டிஃபிகேட்டும் சேர்ந்தது) குடுங்க, இல்லன்னா கம்ப்யூட்டர்ல திறக்கும், சில போன்ல திறக்காது. ரினியூ ஆனாலும் சர்வர ரீலோட் பண்ணலன்னா பழைய சர்டிஃபிகேட்ட தான் காட்டிக்கிட்டு இருக்கும், சர்டிஃபிகேட் வாங்கித் தர்ற சர்ட்பாட்ல டிப்ளாய் ஹூக் (ரினியூ ஆனதும் தானா ஓடுற கமாண்ட்) போடுங்க. இலவசமா சர்டிஃபிகேட் குடுக்குற லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி ஞாபக மெயில் அனுப்புறத 2025லயே நிறுத்திட்டாங்க, அதனால தேதிய நீங்களே தான் ஒரு மானிட்டர் வச்சு பாத்துக்கணும், அந்த அலெர்ட்டும் இதே மெயில் சர்வருக்கு வராம வேற அட்ரஸுக்கு போற மாதிரி வைங்க.